வாஷிங்டன் நூலகத்தில் ஆய்வு நல்கை: மூன்று பக்கத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: ஐயா, வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் வரலாற்றுத் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். சென்னை மாகாணத்தில் 1920களிலும் 1930களிலும் கருத்தடை பற்றி நடந்த விவாதங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்று ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் உள்ள க்ளூகி மையம் ஆய்வாளர்களுக்கு ஃபெலோஷிப் தருவதாக அறிந்தேன். என்னைப் போல் சிறிய கல்லூரியில் இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாமா? என் ஆய்வேட்டின் சுருக்கத்தையே ஆய்வுத் திட்டமாகக் கொடுத்தால் போதுமா? பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ் வழி என்பதால் ஆங்கிலத்தில் எழுதத் தயக்கம் இருக்கிறது. கைடு ஓய்வு பெற்றுவிட்டார், பரிந்துரைக் கடிதம் யாரிடம் கேட்பது? ஏழு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். இதெல்லாம் நடக்கக்கூடியதா என்று சொல்லுங்கள். ஒரு பக்கம் எழுதிப் பார்த்ததையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: அன்புள்ள பேராசிரியருக்கு, வணக்கம்.

நடக்கக்கூடியதுதான். தகுதி உங்களுக்கு இருக்கிறது. இனி செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் அதிகம், அதைத்தான் விரிவாக எழுதப் போகிறேன்.

முதலில் விதிகளைப் பார்த்துவிடுவோம். க்ளூகி மையம் 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. ஜான் க்ளூகி என்ற தொழிலதிபர் நூலகத்துக்குக் கொடுத்த 6 கோடி டாலர்தான் அதன் அடித்தளம். நாடாளுமன்றக் கட்டடத்துக்கு எதிரே இருக்கும் ஜெஃபர்சன் கட்டடத்தில் ஆய்வாளர்களுக்கு மேசை போட்டுக் கொடுக்கிறார்கள். எந்த நாட்டுக்காரரும் விண்ணப்பிக்கலாம். முனைவர் பட்டம் பெற்று ஏழு ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும். குழந்தை, குடும்பம் என்று கல்விப் பணியில் இடைவெளி விழுந்தவர்களுக்கு இந்தக் கணக்கில் விலக்கு பரிசீலிப்பதும் உண்டு. ஆண்டுக்குப் பன்னிரண்டு பேர் வரை எடுக்கிறார்கள். நான்கு முதல் பதினோரு மாதம் வரை தங்கலாம், மாதம் 5,000 டாலர் உதவித்தொகை. கடைசி நாள் வழக்கமாக செப்டம்பர் 15. தொகையும் தேதியும் மாறக்கூடியவை என்பதால் அந்தந்த ஆண்டு அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டு ஆகிவிட்டது என்கிறீர்கள். அப்படியானால் இந்தச் செப்டம்பரைத் தவறவிட்டாலும் இன்னொரு வாய்ப்பு கையில் இருக்கிறது. அவசரப்பட்டு அரைகுறையாக அனுப்ப வேண்டியதில்லை.

சிறிய கல்லூரி என்ற தயக்கத்தை விட்டுவிடுங்கள். விண்ணப்பங்களை மதிப்பிடும் வேலையை நானும் செய்திருக்கிறேன். வாசிப்பவர் கல்லூரியின் பெயரைப் பார்ப்பதே கடைசியில்தான். பெரிய பல்கலைக்கழகத்துக்காரர்களுக்கு இருக்கும் உண்மையான சாதகம், இப்படி ஒரு விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்று பக்கத்து அறையில் யாராவது சொல்லித் தருவதுதான். அது உங்களுக்குக் கிடைக்கவில்லை. இந்தப் பதில் அந்தக் குறையைக் கொஞ்சமாவது ஈடுகட்டட்டும்.

இனி முக்கியமான கேள்விக்கு வருகிறேன். விண்ணப்பத்தோடு தர வேண்டிய மூன்று பக்க ஆய்வுத் திட்டத்துக்கு ஆய்வேட்டின் சுருக்கம் போதாது. இதில் நம் ஊர் ஆய்வாளர்கள் பலர், நல்ல ஆய்வாளர்கள் உள்பட, வாய்ப்பை இழக்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவுக்கோ, இந்தியச் சமூக அறிவியல் ஆய்வுக் குழுவான ஐசிஎஸ்எஸ்ஆருக்கோ எழுதிப் பழகிய கை, தலைப்பு, முன்னுரை, நோக்கங்கள், கருதுகோள், ஆய்வு முறை என்று அதே வரிசையில் எழுதிக்கொண்டு போகிறது. நூலகம் பணம் கொடுப்பதன் காரணம் வேறு. தன்னிடம் இருக்கும் தாள்களையும் புத்தகங்களையும், அவற்றைத் திறக்கத் தெரிந்த ஒருவர் வந்து திறக்க வேண்டும் என்பதற்காகத்தான் கொடுக்கிறது. ஆகவே உங்கள் கேள்வி என்ன என்பதோடு, அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு எங்கள் கட்டடத்துக்கு ஏன் வருகிறீர்கள் என்றும் கேட்பார்கள். இரண்டாவது கேள்விக்கான பதில் உங்கள் ஒரு பக்கத்தில் கடைசி வரியில்தான் வருகிறது: "உலகின் மிகப் பெரிய நூலகமான இங்கே என் ஆய்வுக்குத் தேவையான அரிய நூல்கள் கிடைக்கும் என நம்புகிறேன்." வாசிப்பவருக்கு இந்த வரி எதையும் சொல்லவில்லை. எந்த நூல், எந்தத் தாள், எந்தப் பெட்டி என்று தெரிந்தால்தான் அவர் உங்கள் பக்கம் சாய்வார்.

உங்கள் பொருளுக்கு அந்தக் கட்டடத்தில் நிஜமாகவே காரணம் இருக்கிறது. நீங்கள் அதைக் குறிப்பிடவே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். மார்கரெட் சாங்கரின் தாள்கள் லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் கையெழுத்துப் பிரிவில் இருக்கின்றன. 1916இல் நியூயார்க்கின் புரூக்ளினில் கருத்தடை மருத்துவமனை திறந்து, அதற்காகக் கைதான அதே சாங்கர்தான். 1935இன் கடைசியில் அவர் இந்தியா வந்து வார்தாவில் காந்தியைச் சந்தித்ததும், அப்புறம் திருவனந்தபுரத்தில் அகில இந்திய மாதர் மாநாட்டில் கலந்துகொண்டதும் உங்கள் ஆய்வேட்டிலேயே இருக்கும். உங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பயண தூரத்தில் நடந்த கூட்டம் அது. அதில் பேசியவரின் கடிதப் போக்குவரத்து வாஷிங்டனில் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது. நீங்கள் அங்கே போக இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

ஆனால் "சாங்கர் தாள்கள் இருக்கின்றன" என்று எழுதினாலும் போதாது. அந்தச் சேகரத்தின் விவரப் பட்டியல், அதாவது எந்தப் பெட்டியில் எந்தக் கோப்பு, யாருடைய கடிதங்கள் என்று சொல்லும் ஆவணம், நூலகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை இறக்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படியுங்கள். இந்தியா என்ற சொல்லை மட்டும் தேடி நின்றுவிடாதீர்கள். ஆட்பெயர்களைத் தேடுங்கள். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தக் கருத்தடை வேண்டும் என்று வாதாடிய சென்னை நியோ மால்தூசியன் சங்கத்தில் இருந்த நீதிபதி வேபா ராமேசம், மாதர் மாநாட்டை நடத்தியவர்கள், அந்த மாநாட்டு அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான மார்கரெட் கசின்ஸ், சாங்கரோடு பயணம் செய்த ஆங்கிலேயரான எடித் ஹவ் மார்ட்டின் என்று ஒவ்வொருவராகப் பாருங்கள். பெயர்களின் எழுத்துக்கூட்டு ஒரே மாதிரி இருக்காது. ராமேசத்தை ஒரு கோப்பில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் எழுதியிருப்பார்கள். கிடைத்த கோப்புகளை எண்ணோடு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மூன்று பக்கத் திட்டத்தின் நடுப்பக்கம் அந்தத் தாளிலிருந்துதான் வரப்போகிறது.

குறித்த பிறகு கையெழுத்துப் பிரிவின் நூலகருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். கேள்வி அனுப்புவதற்கென்றே நூலகத்தில் வழி வைத்திருக்கிறார்கள், யார் கேட்டாலும் பதில் வரும். "உங்கள் நூலகத்தில் என் தலைப்புக்கு என்ன இருக்கிறது" என்று கேட்காதீர்கள். "இன்ன எண் கோப்பில் 1935, 1936ஆம் ஆண்டுக் கடிதங்கள் உள்ளனவா, மைக்ரோஃபிலிமில் இல்லாத தாள்கள் ஏதும் தனியாக உண்டா" என்று கேளுங்கள். குறிப்பான கேள்விக்குக் குறிப்பான பதில் கிடைக்கும். அந்தப் பதிலில் நீங்கள் எதிர்பாராத இன்னொரு சேகரத்தின் பெயரும் இருக்கலாம். நூலகர்கள் தங்கள் அறையில் இருப்பதை அறிந்தவர்கள். அதை ஒருவர் அக்கறையோடு கேட்கும்போது உண்மையிலேயே மகிழ்ச்சியோடு உதவுகிறார்கள். நம் ஆய்வாளர்கள் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கூச்சமே வேண்டாம்.

மைக்ரோஃபிலிம் என்று சொன்னேன். தாள்களைச் சிறிதாகப் படமெடுத்த சுருள் அது, அதன் பிரதியை வேறு நூலகங்களிலும் பார்க்க முடியும். அதில்தான் ஒரு சிக்கல். சாங்கர் தாள்களில் பெரும்பகுதியை நூலகம் மைக்ரோஃபிலிம் ஆக்கியிருக்கிறது. போதாததற்கு, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நடந்த பதிப்புத் திட்டம் தேர்ந்தெடுத்த கடிதங்களை நான்கு தொகுதிகளாக அச்சிட்டிருக்கிறது. நான்காவது தொகுதி முழுக்க அவருடைய வெளிநாட்டு வேலைகளைப் பற்றியது. ஆகவே தேர்வுக் குழுவில் இதே துறைக்காரர் ஒருவர் இருந்தால், "இதற்கு வாஷிங்டன் வரை வர வேண்டுமா?" என்று நிச்சயம் கேட்பார். அவர் கேட்பதற்கு முன் நீங்களே பதில் சொல்லிவிட வேண்டும். அச்சான தொகுதியைப் படித்துவிட்டேன், அதில் சென்னை பற்றி இன்னின்னது இருக்கிறது, நான் தேடுவது அதில் இல்லை, காரணம் இது என்று இரண்டே வரியில் எழுதுங்கள். படித்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. சென்னையிலோ டெல்லியிலோ அந்தத் தொகுதி கிடைக்காவிட்டால் நூலகங்களுக்கு இடையிலான இரவல் வழியாக உங்கள் பல்கலைக்கழக நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் நீங்கள் தேடுவது என்ன? உங்கள் ஒரு பக்கத்தை மறுபடி மறுபடி படித்தபோது ஒரு நல்ல கேள்வி நடுவில் புதைந்து கிடப்பது தெரிந்தது. சென்னையில் நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் சங்கம் வைத்து, மக்கள்தொகை, வறுமை, தாயின் உடல்நலம் என்று ஆங்கிலத்தில் பேசினார்கள். அதே ஆண்டுகளில் குடி அரசில் பெரியார், இந்தக் காரணங்களெல்லாம் தமக்கு இரண்டாம்பட்சம், பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்று எழுதினார். இரண்டு வாதங்களும் ஒரே மாகாணத்தில், ஒரே காலத்தில் நடந்தவை. இவற்றில் எது கடல் தாண்டிப் போயிற்று? சாங்கரின் கோப்புகளில் சுயமரியாதை இயக்கத்தின் தடம் ஒன்றாவது இருக்கிறதா? இருந்தால் அது பெரிய செய்தி. இல்லாவிட்டால், உலக இயக்கம் என்று சொல்லிக்கொண்ட ஒன்றின் காதில் எந்த மொழி விழுந்தது, எது விழவில்லை என்பதற்கு அதுவே சான்று. இரண்டில் எது வந்தாலும் உங்கள் புத்தகத்துக்கு ஒரு அத்தியாயம் உறுதி. நல்ல ஆவணக் கேள்விக்கு இந்தக் குணம் உண்டு. பெட்டி வெறுமையாக இருந்தாலும் ஆய்வு வீணாகாது. இதைத் திட்டத்திலேயே வெளிப்படையாக எழுதுங்கள். தேடி வந்தது கிடைக்காவிட்டால் என்ன செய்வார் என்று வாசிப்பவருக்குள் எழும் கவலை அங்கேயே தீர்ந்துவிடும்.

நீங்கள் அனுப்பிய பக்கத்தின் தொடக்கத்தை எடுத்துக்கொள்வோம்: "மக்கள்தொகைப் பெருக்கம் பண்டைக் காலம் முதலே உலக நாடுகளின் முக்கியப் பிரச்சினையாக இருந்து வந்துள்ளது. இந்தியாவில் இப்பிரச்சினை மேலும் தீவிரமானது." இந்த இரண்டு வரியை யார் வேண்டுமானாலும், எந்த ஊரிலிருந்தும், எந்தத் தலைப்புக்கும் எழுதியிருக்கலாம். இதற்குப் பதில் இப்படித் தொடங்கினால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்: "1935ஆம் ஆண்டின் கடைசியில் மார்கரெட் சாங்கர் திருவனந்தபுரம் வந்தபோது, தமிழில் கர்ப்பத்தடை பற்றிய வாதம் ஏற்கெனவே சூடாக நடந்துகொண்டிருந்தது. சென்னையில் அவருக்கு நண்பர்கள் இருந்தார்கள், அவர்கள் ஆங்கிலத்தில் எழுதினார்கள். ஈரோட்டிலிருந்து தொடங்கிய குடி அரசு தமிழில் எழுதியது. முதல் தரப்பின் கடிதங்கள் அவர் கோப்புகளில் உள்ளன. இரண்டாவது தரப்பு அவர் கண்ணில் பட்டதா என்று யாரும் இதுவரை பெட்டிகளைத் திறந்து பார்க்கவில்லை." கடைசி வாக்கியத்தை எழுதுமுன் அது உண்மைதானா என்று ஏற்கெனவே வந்திருக்கும் ஆய்வுகளைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். நான் எழுதியதை அப்படியே எடுக்க வேண்டாம், உங்கள் ஆய்வில் நீங்கள் கண்ட ஒரு காட்சியிலிருந்து தொடங்குங்கள். ஒரு ஆண்டு, ஒரு ஊர், இரண்டு தரப்பு, விடை தெரியாத ஒரு கேள்வி. முதல் பத்தியில் இவ்வளவு இருந்தால் வாசிப்பவர் இரண்டாம் பத்திக்கு ஆர்வத்தோடு வருவார்.

வாஷிங்டனில் உங்களுக்கு இன்னொரு சேகரமும் உண்டு, அது தமிழ்ச் சேகரம். அது அங்கே வந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1950களில் இந்தியா அமெரிக்காவிடமிருந்து பி.எல். 480 என்ற உணவு உதவிச் சட்டத்தின் கீழ் கோதுமை வாங்கியது, பணத்தை ரூபாயிலேயே கட்டியது. இங்கே சேர்ந்த அந்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு இந்தியப் புத்தகங்களை வாங்கி அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்ப, 1962இல் டெல்லியில் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் அலுவலகம் திறந்தது. ரேஷன் கடையில் வரிசையில் நின்று வாங்கிய கோதுமைக்குப் பதிலாகத் தமிழ்ப் புத்தகங்கள் கப்பல் ஏறின. நாவல், இலக்கணம் என்று மட்டும் இல்லாமல், நம் ஊர் நூலகங்கள் குப்பை என்று ஒதுக்கிய சிறுவெளியீடுகளையும் அந்த அலுவலகம் வாங்கியது. துண்டுப் பிரசுரங்களைப் பொருள்வாரியாகத் தொகுத்து மைக்ரோஃபிலிம் போன்ற நுண்படமாகவும் ஆக்கியிருக்கிறார்கள். குடும்பக் கட்டுப்பாடு அரசுத் திட்டமாகி, அதன் சின்னமான சிவப்பு முக்கோணம் சுவருக்குச் சுவர் வந்த 1960களின் தமிழ் வெளியீடுகளை அங்கே தேடிப் பார்க்க நியாயம் இருக்கிறது. ஜெஃபர்சன் கட்டடத்தின் ஆசிய வாசிப்பறையில் தெற்காசியாவுக்கென்று இருக்கும் நூலகருக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

உங்கள் ஆய்வு 1930களோடு நின்றுவிடுகிறது என்பது எனக்குத் தெரியும். 1960கள் வரை நீட்டுவது உங்கள் வாதத்துக்கு உண்மையிலேயே உதவுமானால் மட்டும் நீட்டுங்கள். சுயமரியாதை மேடையில் பெண்ணின் உரிமையாகப் பேசப்பட்ட ஒன்று, முப்பது ஆண்டுக்குப் பின் அரசின் இலக்காகவும் எண்ணிக்கையாகவும் மாறியதே, அந்த மாற்றத்தில் எது தொலைந்தது என்று கேட்டால் இரண்டு சேகரங்களும் ஒரே கேள்விக்குள் வந்துவிடும். எனக்கு இந்த வடிவம் பிடித்திருக்கிறது. வலிந்து ஒட்டினால் மட்டும் உடனே தெரிந்துவிடும்.

இங்கே இருப்பதை முதலில் முடித்துவிடுங்கள் என்பதும் முக்கியம். குடி அரசு இதழ்களுக்கும் அந்தக் காலத்துப் பெண்கள் பத்திரிகைகளுக்கும் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. மாதர் மாநாட்டின் பழைய அறிக்கைகளுக்கு டெல்லியில் அந்த அமைப்பின் சொந்த நூலகமே, மார்கரெட் கசின்ஸ் பெயரில் இருக்கிறது. உள்ளூரில் பார்க்கக் கூடியதைப் பார்த்துவிட்டு, இதற்கு மேல் போக வாஷிங்டன்தான் வழி என்ற இடத்தில் நிற்கிறீர்கள் என்று காட்டினால் விண்ணப்பத்துக்குத் தனி வலு வரும்.

தமிழ் வழி, ஆங்கிலத் தயக்கம் பற்றி எழுதியிருந்தீர்கள். விண்ணப்பம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். தாய்மொழி ஆங்கிலமல்லாதவர்கள், அங்கே மற்ற ஆய்வாளர்களோடு கலந்து பேசும் அளவுக்கு ஆங்கிலம் தெரியும் என்று காட்டவும் வேண்டும். நீங்கள் ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதியவர். அதற்கு மேல் அவர்கள் இலக்கிய நயம் எதிர்பார்க்கவில்லை. திட்டத்தை முதலில் தமிழிலேயே எழுதுங்கள். சக ஆசிரியர் ஒருவரிடம், வரலாற்றுத் துறையில் இல்லாதவராக இருந்தால் இன்னும் நல்லது, வாசித்துக் காட்டுங்கள். அவருக்குப் புரியாத இடம் ஆங்கிலத்திலும் புரியாது. பிறகு குறுகிய வாக்கியங்களில் ஆங்கிலத்தில் எழுதி, பிழை பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கொடுத்து மெருகேற்றுகிறார்கள் சிலர். அப்படி வரும் விண்ணப்பங்கள் எல்லாம் ஒரே குரலில் பேசுகின்றன, உங்கள் கேள்வியின் முனை அதில் மழுங்கிவிடும். பிழை திருத்தப் பயன்படுத்துங்கள், எழுதுவது நீங்களாக இருக்கட்டும். இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். சாங்கர் தாள்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அந்தக் காலத்துக் குடி அரசையும் அதற்கு எதிராக வந்த கண்டன வெளியீடுகளையும் சரளமாகப் படித்துவிட்டு அந்தத் தாள்களுக்கு முன் உட்காரக் கூடியவர்கள் மிகச் சிலர். இதைத் திட்டத்தில் அடக்கத்தோடு, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்.

பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டும். ஓய்வு பெற்றாலும் உங்கள் நெறியாளர் எழுதலாம், எழுத வேண்டும். உங்களை நன்றாக அறிந்தவர் அவர்தான். இரண்டாவது கடிதம் உங்கள் துறையில் பெயர் உள்ள, உங்கள் எழுத்தைப் படித்த ஒருவரிடமிருந்து வரட்டும். வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித் தேர்வாளர் இதற்குப் பொருத்தமானவர். மூன்றாவதாகப் பெண்கள் வரலாற்றிலோ மருத்துவ வரலாற்றிலோ வேலை செய்யும் ஒருவர், அறிமுகம் கருத்தரங்கில்தான் என்றாலும் பரவாயில்லை. முதல்வரிடமோ கல்லூரிச் செயலரிடமோ வாங்காதீர்கள். அவர்கள் நல்ல மனதோடு எழுதித் தருவது பெரும்பாலும் நன்னடத்தைச் சான்றிதழாகத்தான் இருக்கும்: ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர், மாணவர்களிடம் அன்பானவர். தேர்வுக் குழுவுக்குத் தேவை வேறு. இந்தக் கேள்வி ஏன் முக்கியம், இதைச் செய்ய இவர் ஏன் சரியான ஆள் என்பதை ஒரு அறிஞர் தன் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். அதற்கு நீங்கள் அவருக்கு உதவ வேண்டும். கெடுவுக்கு இரண்டு மாதம் முன்பே உங்கள் திட்டத்தின் வரைவு, ஆய்வேட்டின் ஒரு அத்தியாயம், வெளியான கட்டுரை ஒன்று, நூலகத்தில் பார்க்கப் போகும் கோப்புகளின் பட்டியல் ஆகியவற்றை அனுப்புங்கள். அத்தியாயத்தைப் படித்துவிட்டு எழுதும் கடிதம் வேறு மாதிரி இருக்கும். கெடுவுக்குப் பத்து நாள் இருக்கும்போது மரியாதையோடு நினைவூட்டுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

வாஷிங்டன் ஒன்றையே நம்பி இருக்கவும் வேண்டாம். சாங்கரின் தாள்களில் இன்னொரு பெரும்பகுதி மசாசூசெட்ஸில் ஸ்மித் கல்லூரியில் இருக்கிறது, அங்கே வந்து படிக்க விரும்புவோருக்குச் சிறு பயண நல்கைகள் தருகிறார்கள். 1952இல் தொடங்கிய, மக்கள்தொகை பற்றி ஆராயும் பாப்புலேஷன் கவுன்சில் என்ற அமைப்பின் ஆவணங்கள் நியூயார்க் மாநிலத்தில் ராக்பெல்லர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன, அங்கும் குறுகிய கால உதவி உண்டு. இங்கிலாந்தில் கருத்தடைக்காகப் பிரசாரம் செய்த மேரி ஸ்டோப்ஸின் தாள்கள் பிரிட்டிஷ் நூலகத்திலும் வெல்கம் சேகரத்திலும் இருக்கின்றன. ஆனால் இரண்டு மூன்று வாரத்துக்கான நல்கை என்றால் விமானக் கட்டணமும் விசாச் செலவும் போக நம் கையிலிருந்து போட வேண்டி வரும். உங்கள் நிலைமையில் நீண்ட கால நல்கையை முதலில் குறிவைப்பதே சரி என்று நினைக்கிறேன். வாஷிங்டனில் இருக்கும்போது வார இறுதியை ஒட்டி ஸ்மித் கல்லூரிக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம். அதையும் திட்டத்தில் ஒரு வரியாகச் சேர்த்தால் சேகரம் பிரிந்து கிடப்பது உங்களுக்குத் தெரியும் என்று காட்டும்.

இந்தப் பதிலைப் படிக்கும் மற்ற ஆய்வாளர்களுக்கும் ஒரு வார்த்தை: நூலகத்தின் புகழைப் பார்த்து விண்ணப்பிக்காதீர்கள். தரங்கம்பாடி மிஷன் பற்றி ஆராய்கிறவர் வாஷிங்டனுக்கு எழுதிப் பயனில்லை. 1706இல் வந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்தவர்களும் எழுதி அனுப்பியவை ஜெர்மனியில் ஹாலேயின் ஃபிராங்கே நிறுவனங்களின் காப்பகத்தில் இருக்கின்றன, அங்கே வந்து ஆராயவும் உதவித்தொகை உண்டு. மதுரை அமெரிக்கன் மிஷன் என்றால் அந்தச் சபையின் ஆவணங்கள் ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில். தாள் எங்கேயோ அங்கேதான் விண்ணப்பம்.

பணமும் விடுப்பும். 5,000 டாலர் என்பது இங்கிருந்து பார்க்கப் பெரிதாகத் தெரியும். வாஷிங்டனில் வீட்டு வாடகை அதில் பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும், மருத்துவக் காப்பீடு கட்டாயம், வரிப் பிடித்தமும் இருக்கலாம். சேமிக்க முடியாது, சிக்கனமாக இருந்தால் கடன்படாமல் வாழலாம். மகளை அழைத்துப் போகலாம். உங்களுக்கு ஆய்வாளர் போன்றோருக்கான ஜே-1 விசா என்றால், அவளுக்கு உடன் வரும் குடும்பத்தாருக்கான ஜே-2. அரசுப் பள்ளியில் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்வார்கள். அவளுடைய காப்பீட்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பதினோரு மாதம் கேட்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆறு மாதம் கேட்டு, அந்த ஆறு மாதத்தில் எந்தக் கோப்புகளை எந்த வரிசையில் பார்ப்பீர்கள் என்று எழுதினால் நம்பும்படி இருக்கும். வீட்டில் கணவரோ பெற்றோரோ என்ன சொல்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. விண்ணப்பம் அனுப்புவதற்கு முன்பே அதைப் பேசி முடித்துவிடுங்கள். கிடைத்த பிறகு தொடங்கும் பேச்சு கசப்பாக முடிவதைப் பார்த்திருக்கிறேன்.

விடுப்பைப் பற்றி உங்கள் கல்லூரி அலுவலகத்தில் இப்போதே கேளுங்கள். உதவிபெறும் கல்லூரி என்பதால் செயலர் ஒப்புதல் தந்தால் மட்டும் போதாது, கோப்பு மண்டல இணை இயக்குநர் அலுவலகம் வழியாக மேலே போக வேண்டும். பாஸ்போர்ட்டுக்குத் தடையின்மைச் சான்று, வெளிநாடு செல்ல அனுமதி, விடுப்பு என்று மூன்றும் தனித்தனிக் கோப்புகள். முடிவு அடுத்த ஆண்டு தொடக்கத்தில் தெரியவந்து, நீங்கள் கோடையில் புறப்பட வேண்டியிருந்தால், இடையில் கிடைக்கும் மாதங்கள் குறைவு. பாஸ்போர்ட் இல்லையென்றால் உங்களுக்கும் மகளுக்கும் இந்த மாதமே விண்ணப்பித்துவிடுங்கள், ஃபெலோஷிப் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது வீண்போகாது. படிப்பு விடுப்புக்கு உங்களுக்கு எத்தனை ஆண்டுப் பணி முடிந்திருக்க வேண்டும், சம்பளத்தோடா இல்லாமலா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வழிப் பதிலை நம்ப வேண்டாம்.

கிடைக்காமலும் போகலாம். உலகம் முழுவதிலிருந்தும் வரும் விண்ணப்பங்களில் பன்னிரண்டு பேர்தான். அப்படியானால் அடுத்த செப்டம்பரில் அதே திட்டத்தைத் திருத்தி அனுப்புங்கள். இதற்குள் நூலகரோடு கடிதப் பழக்கம் ஏற்பட்டிருக்கும், பட்டியல் இன்னும் கூர்மையாகியிருக்கும், ரோஜா முத்தையாவில் இன்னும் சில இதழ்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டாம் முறை கிடைத்தவர்களை எனக்குத் தெரியும்.

சாங்கர் பட்டியலைப் படித்து முடித்ததும் குறித்த கோப்புகளின் எண்களோடு மூன்று பக்க வரைவை எனக்கு அனுப்புங்கள். தமிழில் எழுதிய முதல் வரைவாக இருந்தாலும் சரி. ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் வந்தால், திருத்தி உங்கள் பரிந்துரையாளர்களுக்கு அனுப்ப நேரம் இருக்கும்.

அன்புடன்.